வெர்சாய் மட்டுமே காரணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் நடந்த ஆஸ்திரியா-ஹங்கேரி பட்டத்து இளவரசரின் படுகொலையை மட்டுமே போருக்குக் காரணமாகக் காட்டியது வருத்தமளிக்கிறது. கொலைக்கும் போருக்கும் இடையே முழுதாக ஒரு மாதம் இருந்தது. ஜூலை 5 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி அளித்த நிபந்தனையற்ற ஆதரவும், ஜூலை 30 அன்று ரஷ்யா பிறப்பித்த பொதுப் படைதிரட்டல் ஆணையும் இல்லாதிருந்தால், அக்கொலை தொடர்பாகச் செர்பியாவுடன் எழுந்த தகராறு பால்கனைத் தாண்டியிருக்காது என்றே நான் கருதுகிறேன்.

போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் சமாதான உடன்படிக்கைதான் ஹிட்லரை உருவாக்கியது என்ற கட்டுரையின் முடிவும் அவசரமானது. 1921-ல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு விதிக்கப்பட்டதும், 1923 நவம்பரில் பெர்லினில் ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க்குக்கு விற்றதும் உண்மைதான். மதிப்பிழந்த நோட்டுக் கட்டுகளைச் சிறுவர்கள் செங்கல்போல் அடுக்கி விளையாடும் புகைப்படங்களைப் பார்க்கையில் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் புதிய நாணயம் வந்ததும் அந்தப் பணவீக்கம் அடங்கிவிட்டது. 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 12 இடங்கள். 1929-ன் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பிறகு, வேலையற்றோர் எண்ணிக்கை 60 லட்சத்தை எட்டிய 1932-ல்தான், ஜூலைத் தேர்தலில் அக்கட்சி 230 இடங்களைப் பிடித்தது.

மாணவர்கள் குறிப்பெடுத்துப் படிக்கும் பகுதி என்பதால், தொடரின் அடுத்த கட்டுரையில் இவற்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.