‘அல்லது’ என்று ஒரு சொல் இருக்கிறது

சார்பதிவாளர் அலுவலகங்களில் திருமணப் பதிவு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் பிறந்தது 1961இல். ஆனால் என் அப்பாவுக்கு நான் முறையான மகள் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1968 ஜனவரியில். நடுவில் இருந்த ஏறக்குறைய ஏழு வருடம், நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்குத் தெரியும், கோர்ட்டுக்குப் போனால் தெரியாது. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், போன வருடம் என் மகனுடைய திருமணத்தைப் பதிவு செய்ய வந்தபோது உங்களில் ஒருவர் சொன்ன ஒரு யோசனையை, என் அப்பாவுக்கு ஒரு வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். அறுபது வருடத்துக்கு முன்னால்.

அப்பா அருப்புக்கோட்டையில் நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவர். பக்கத்தில்தான் சுக்கிலநத்தம். 1928இல் புரோகிதர் இல்லாமல், பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்த ஊர். அந்தக் காற்று எங்கள் பக்கம் கொஞ்சம் பலமாகவே வீசியது. 1959இல் அப்பாவும் அம்மாவும் ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அழைப்பிதழில் ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ என்று இருக்கும். மஞ்சள் தடவாத அழைப்பிதழ். இன்னும் என்னிடம் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துபோய்.

அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு ஆறு வருடம் முன்பே, 1953இல், ஒரு குடும்ப வழக்கில் சொல்லியிருந்தது. இந்துத் திருமணம் என்றால் சாஸ்திரப்படி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் சமூகத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கப்படி நடக்க வேண்டும். இதுவோ சாஸ்திரமும் இல்லை, பழைய வழக்கமும் இல்லை, நேற்று முளைத்த ஒன்று. ஆகவே திருமணம் இல்லை. சடங்கை மறுக்கிறவன் தன் மறுப்புக்கும் பாட்டன் காலத்துச் சான்று கொண்டுவர வேண்டும் என்கிற இந்தத் தர்க்கத்தை அப்பா வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, தாத்தா சொத்தைப் பிரிக்கிற பேச்சு வந்தபோது பெரியப்பா அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டினார். அப்போது அப்பா பார்க்கப் போன வக்கீல் நல்ல மனிதர். “கோயிலுக்குப் போய் ஒரு அய்யரை வைத்துத் தாலியைக் கட்டி, ஒரு ரசீது வாங்கி வந்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. உங்கள் கொள்கை உங்கள் மனசிலேயே இருக்கட்டும்” என்றாராம்.

அப்பா போகவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டேன். ஆனால் அம்மாவிடம் பிற்பாடு ஒருநாள் கேட்டபோது, “உங்கப்பாவுக்குத் தெரியாமல் நானே போய்க் கட்டிக்கொண்டு வந்திருப்பேன், கட்டிவிட ஆள்தான் அவர் ஒருத்தராகப் போய்விட்டார்” என்றாள். பிள்ளைகளுக்குப் பங்கு கிடைக்காதே என்கிற பயம் அவளுக்கு. கொள்கைக்கு விலை வைத்தது சட்டம், அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது அம்மா.

1967இல் அண்ணா முதல்வரானார். இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்க அந்த ஆண்டே மசோதா வந்து, 1968 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தது. அந்தப் பிரிவை உங்களில் எத்தனை பேர் முழுதாக வாசித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சிறியதுதான், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலாவது ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், இல்லை மோதிரம் போட்டால் போதும். அல்லது தாலி கட்டினாலும் சரி.

அந்தக் கடைசி ‘அல்லது’வைப் பற்றித் திராவிடர் கழக மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். அண்ணா மசோதாவைப் பெரியாருக்குக் காட்டினாராம். அதில் தாலி ‘உம்’ போட்டு வந்திருந்ததாம், அதாவது மாலையும் மாற்ற வேண்டும், தாலியும் கட்ட வேண்டும் என்று. பெரியார் அந்த ‘உம்’மை எடுத்துவிட்டு ‘அல்லது’ போடச் சொன்னாராம். கதை எப்படியோ, அச்சான சட்டத்தில் ‘அல்லது’தான் இருக்கிறது. புரோகிதர், அக்னி, தீயைச் சுற்றி வைக்கிற ஏழடி, கோயில், மண்டபம், பெற்றோர் சம்மதம் ஒன்றும் அதில் இல்லை. இன்னொன்றும் செய்தது அந்தச் சட்டம். அதற்கு முன்பு நடந்த இப்படிப்பட்ட திருமணங்களையும், முன்தேதியிட்டு, செல்லும் என்றது. அப்படித்தான் நான் ரெண்டாம் வகுப்புப் படிக்கும்போது முறையான பிள்ளையானேன். அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, ஒரு நாற்காலியைக் குறிவைத்து இதை எழுதவில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் வேறு வேறு சாதி. பெண் வீட்டார் வரவில்லை. எங்கள் மாடியில் பதினெட்டுப் பேர் முன்னால் உறுதிமொழி வாசித்து மாலை மாற்றினார்கள். தாலி வேண்டாம் என்றது மருமகள். (என் கல்யாணம் அய்யர் வைத்துத்தான் நடந்தது, மாமனார் வீட்டு விருப்பம். அதனால் இதில் நான் யாருக்கும் உபதேசம் செய்கிற இடத்தில் இல்லை.) தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பத்தாம் நாளே வந்தோம்.

வயதுச் சான்று கேட்டார்கள், கொடுத்தோம். முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் சரி. அப்புறம் “தாலி கட்டுற போட்டோ?” இல்லை. “கோயில் ரசீது? மண்டப ரசீது?” இல்லை. “பொண்ணு வீட்டுல யாராவது வந்து கையெழுத்துப் போடலாமே?” மருமகளுக்கு வயது இருபத்தேழு. நான் 7ஏ என்றேன். அவர் சலிப்பாக, ஆனால் மரியாதையாகவே, “ஏழடி வைக்காட்டி கல்யாணமே இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சும்மா, வாட்ஸ்அப்ல பாக்கலையா?” என்றார். கடைசியில் குரலைத் தணித்து அந்த யோசனையைச் சொன்னார். “பக்கத்துத் தெருவுல கோயில் இருக்கு. ஒரு தாலியக் கட்டி ரசீது வாங்கிட்டு வந்துருங்க. அரை மணி நேர வேலை.”

அதே அரை மணி நேரம். அந்த வக்கீல் பாவம், 1968க்கு முன்னால் வேறு வழியில்லாமல் சொன்னார். உங்களுக்கு என்ன வந்தது?

வாட்ஸ்அப்பில் வந்த தீர்ப்பை நான் வீட்டுக்குப் போய் வாசித்தேன். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சடங்கு என்று எதுவுமே நடக்காமல், ஓர் அமைப்பு கொடுத்த சான்றிதழை வைத்து உத்தரப் பிரதேசத்தில் பதிவு செய்துகொண்ட ஜோடி, பிறகு தங்களுக்குத் திருமணமே ஆகவில்லை என்று அறிவிக்கக் கேட்ட வழக்கு அது. நடக்காத திருமணத்தைப் பதிவுத் தாள் உண்டாக்கிவிடாது என்றார்கள். அது அதே சட்டத்தில் சடங்குகளைப் பற்றிச் சொல்கிற 7ஆம் பிரிவின் கீழ் வந்த பேச்சு. 7ஏ தமிழ்நாட்டுக்கு என்று செய்த திருத்தம், பின்னால் புதுச்சேரியும் எடுத்துக்கொண்டது. அதற்கும் அந்த வழக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஏழடியைப் பற்றி உச்ச நீதிமன்றம் நம் ஊர் வழக்கிலேயே 2001இல் பேசியிருக்கிறது. எனக்குப் பிடித்த வழக்கு அது. ஒருவர் முதல் மனைவி இருக்கும்போதே திருத்தணியில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். மனைவி வழக்குப் போட்டாள். அவர் சொன்ன பதில்: இரண்டாவது கல்யாணத்தில் ஏழடி வைத்ததை நிரூபிக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, ஆகவே நான் குற்றவாளி இல்லை. கீழ்க் கோர்ட்டு அதை ஏற்று விடுதலையும் செய்தது. உச்ச நீதிமன்றம் 7ஏயைக் காட்டி, இங்கே ஏழடி கட்டாயம் இல்லை, திருமணம் நடந்தது நடந்ததுதான், குற்றமும் குற்றம்தான் என்றது. சடங்கு தர்மத்தைக் காக்கும் என்பார்கள். அங்கே அது இரண்டு தாரக்காரரைத் தப்பவைக்கப் பார்த்தது. முதல் மனைவியைக் காப்பாற்றியது சடங்கு வேண்டாம் என்றவர்கள் கொண்டுவந்த சட்டம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. வக்கீல் அறைகளில் ரகசியமாகக் கல்யாணம் செய்து சான்றிதழ் கொடுக்கிற தொழில் ஒன்று சில இடங்களில் நடந்தது. அதைப் பார்த்துத்தான் 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ரகசியமாக நடப்பது முறையான திருமணம் ஆகாது என்றது. பயம் நியாயமானது. ஆனால் தீர்ப்பு யார் மேல் போய் விழுந்தது? ஊரைக் கூட்டி மேளம் கொட்ட முடியாதவர்கள் மேல். ஊருக்குத் தெரிந்தால் உயிர் போகும் என்கிற பிள்ளையிடம் ஊருக்குச் சொல்லிவிட்டுக் கட்டு என்பது என்ன பேச்சு? 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 7ஏயின் கீழ் ஊரறியச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வக்கீலும் நண்பர் என்ற முறையில் சாட்சியாக இருக்கலாம் என்றது. ஆகவே வயதைக் கேளுங்கள், கறாராகக் கேளுங்கள். முன்பு திருமணம் ஆகியிருக்கிறதா, விவாகரத்து ஆணை எங்கே என்று கேளுங்கள். விருப்பத்தோடுதான் வந்தார்களா என்று தனித்தனியாகக் கூட விசாரியுங்கள். கோயில் ரசீது இந்த எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

2019இல் இன்னொன்று நடந்தது. தூத்துக்குடியில் ஒரு திருநங்கைக்கும் ஓர் ஆணுக்கும் கோயிலிலேயே கல்யாணம் ஆகியிருந்தது. தாலி, கோயில், எல்லாம் இருந்தது. அப்போதும் பதிவு செய்ய மறுத்தார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளைதான் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் வருவார் என்று சொல்லிப் பதிவு செய்ய வைத்தது. அப்படியானால் கோயில் ரசீது உண்மையில் யாரிடமிருந்து, எதற்காகக் கேட்கப்படுகிறது?

7ஏயில் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சாமி இல்லை என்றவர்கள் கேட்டு வாங்கிய சட்டம் ‘இரண்டு இந்துக்கள்’ என்றுதான் தொடங்குகிறது. பெண் கிறித்தவரோ பையன் முஸ்லிமோ ஆனால் அந்த மாலைக்கு இந்தப் பிரிவில் மதிப்பில்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போய், பெயரையும் விலாசத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். தேடி வருகிறவனுக்கு விலாசம் கொடுத்து நாளும் கொடுத்தாற்போல. ஆனால் அது உங்கள் கையில் இல்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் எழுத வேண்டிய மடல்.

நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் 7ஏயையும் 2023 தீர்ப்பையும் அச்செடுத்துக்கொண்டு வந்தோம். வாங்கிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை வந்தபோது இருபது நிமிடத்தில் பதிவாகிவிட்டது. ஒரு கேள்வி இல்லை. ஏன் என்று யோசித்தால், நாற்காலியில் வேறொருவர் இருந்தார், அவ்வளவுதான். சட்டமன்றம் ஒன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டு, நாற்பது வருடப் போராட்டம் ஒன்று, இத்தனையும் அன்றைக்கு விடுப்பு எடுத்த ஒருவரை நம்பி இருந்திருக்கிறது.

முதல் நாள் அங்கே பெஞ்சில் இன்னொரு ஜோடி இருந்தது. பெரியவர்கள் யாரும் கூட இல்லை. பையன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான், பெண் வாசலையே. எங்களுக்குச் சொன்ன அதே யோசனையை அவர்களுக்கும் சொன்னார்கள். அவர்கள் போனார்கள். கோயிலில் ‘பெற்றோர் எங்கே’ என்று கேட்டிருப்பார்களோ என்னவோ. நாங்கள் மூன்று மணி வரை இருந்தோம், அவர்கள் திரும்பி வரவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் அலுவலகச் சுவரில் கட்டண விவரப் பலகை இருக்கிறது, புரோக்கர்களை நம்பாதீர்கள் என்ற பலகை இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் 7ஏயைத் தமிழில் எழுதி மாட்டுங்கள், அந்த மூன்று ‘அல்லது’வும் கண்ணில் படுகிற மாதிரி. நாற்காலியில் யார் இருந்தாலும் சுவர் விடுப்பு எடுக்காது. அனுமதி கொடுத்தால் எங்கள் ஊர் அலுவலகத்துக்குப் பெயிண்டர் கூலியை நானே கொடுத்துவிடுகிறேன். பத்து வரிதான் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
விருதுநகர் மாவட்டம்