கோச்சிடம் போவதற்கு முன்னால்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில், "ஒரே இடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாய். லைஃப் கோச் யாரிடமாவது போகலாமா, இல்லை காசுக்குத் தண்டமா என்றும் கேட்டாய். போனில் அரைகுறையாகச் சொல்ல மனசு வரவில்லை.

போகலாம் கண்ணு. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போ. நம் ஊரில் கோச்சிங் என்றால் நீட் வகுப்பு, கவுன்சலிங் என்றால் இன்ஜினியரிங் சீட். அதனால் லைஃப் கோச் என்றதும் எதிரே உட்கார்ந்து வழி சொல்லித் தருவார் என்று எதிர்பார்த்துப் போகிறார்கள். நல்ல கோச் வழி சொல்லமாட்டார். கேட்பார், நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்வார், சொன்னதைச் செய்தாயா என்று அடுத்த முறை மறக்காமல் விசாரிப்பார். கொடுக்கிற காசு அதற்குத்தான்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடு. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாள் மனசு இருண்டே கிடக்கிறதா? பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் இல்லையா? தூக்கமும் பசியும் தாறுமாறாகிவிட்டதா? அப்படியென்றால் கோச் வேண்டாம், மனநல மருத்துவரிடமோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ போ. உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதே. 14416 அரசாங்கத்தின் டெலிமானஸ் எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. எனக்கும் கூப்பிடு, நடுராத்திரி என்றாலும். அசதி மட்டும்தான் என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடு. ரத்தத்தில் இருக்கிற குறையை மனசின் குறையாக நினைத்து மாசக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இதெல்லாம் இல்லை, வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், சிரிக்கிறேன், ஆனால் மூன்று வருஷமாக ஒரே முடிவைத் தள்ளிப்போடுகிறேன் என்றால் கோச்சிங் உனக்கு உதவும்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பலரும் பின்பற்றும் வரிசைக்கு 'க்ரோ' என்று பெயர். அதைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர், பழைய கார் பந்தய வீரர். என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப் போகிறாய் என்று நான்கு படி. பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவது படியில். எல்லோரும் அதைத் தாண்டிக் குதித்து வழிகளுக்குப் போய்விடுவார்கள். 'நேரமே இல்லை' என்பது நிலைமை ஆகாது. போன வாரம் எத்தனை இரவு ஒன்பது மணிக்கு முன்னால் ரூமுக்கு வந்தாய், வந்த பிறகு என்ன செய்தாய் என்று எழுதினால் அதுதான் நிலைமை. 'வேலை மாறணும்' என்பதும் இலக்கு ஆகாது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கை விட்டே போக வேண்டுமா, டெஸ்டிங்கிலேயே வேறு கம்பெனியா, இல்லை இந்த மேனேஜரிடமிருந்து தப்பித்தால் போதுமா? மூன்றுக்கும் மூன்று வேறு வேலை செய்ய வேண்டியிருக்கும்.

பத்து என்றால் இலக்கை அடைந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்பார்கள். நீ மூன்று என்பாய். ஏன் பத்து இல்லை என்று கேட்கத் தெரியாதவர் கேட்பார். கேட்கத் தெரிந்தவர், ஏன் இரண்டு இல்லை என்பார். அப்போதுதான் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். நாலு ஆவதற்கு என்ன மாற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பத்தைப் பற்றிப் பேச்சே வராது.

கடைசிப் படியில் கையில் ஒரு வேலையோடு வெளியே வர வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை நிறைய ஆராய்ந்தவர். 'ரெஸ்யூமைச் சரிசெய்வேன்' என்று முடிவெடுப்பதைவிட, 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று நேரத்தோடும் இடத்தோடும் கட்டிவைத்த முடிவு நிறைவேற அதிக வாய்ப்பு உண்டு. 'செவ்வாய், வியாழன் இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், ரெஸ்யூமில் ஒரு ப்ராஜெக்ட்டைப் பற்றி மூன்று வரி எழுதுவேன்' என்று வைத்துக்கொள். தடங்கலுக்கும் ஒன்று வேண்டும்: 'ரிலீஸ் வேலையால் பத்து மணி ஆகிவிட்டால், மறுநாள் காலை பஸ்ஸில் போனிலேயே ஒரு வரி.'

செய்யாமல் போய்விட்டால் அதை மறைக்காதே. திட்டினால் அவர் நல்ல கோச் இல்லை. நல்லவர், ஏன் நடக்கவில்லை என்று பார்த்து வேலையைப் பாதியாகக் குறைப்பார். குறைத்தும் மூன்று முறை நடக்கவில்லை என்றால் அந்த இலக்கே உன்னுடையதுதானா என்று சந்தேகப்பட வேண்டும். அது அப்பாவோ நானோ உன் தலையில் ஏற்றி வைத்ததாகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தால் தயங்காமல் அங்கே சொல்லு சாமி. நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐ.சி.எஃப்., மூன்று தகுதி கொடுக்கிறது. ஏ.சி.சி. வாங்க 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். பி.சி.சி. என்றால் 125, 500. எம்.சி.சி. என்றால் 200, 2,500. உனக்கு முதல் இரண்டில் எது இருந்தாலும் போதும். சான்றிதழ் இருந்தாலே நல்லவர் என்று ஆகிவிடாது, ஆனால் ஒழுக்க விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டவர் என்றாவது தெரியும்.

மூன்று பேரிடம் பேசு. பலர் முதல் இருபது, முப்பது நிமிடம் காசில்லாமல் பேசுவார்கள். 'என் பிரச்சினைக்கு நீங்கள் சரியான ஆள் இல்லை என்று எப்போது சொல்வீர்கள்?' என்று கேள். இதற்குப் பதில் இல்லாதவர் வேண்டாம். ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், பேசியது வெளியே போகாது என்பது எல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள். ஆறு மாசப் பேக்கேஜுக்கு மொத்தமாகக் கட்டாதே, ஈ.எம்.ஐ. என்றால் வேண்டவே வேண்டாம். மூன்று அமர்வுக்குக் கொடு, பிறகு பார்க்கலாம். 90 நாளில் வாழ்க்கையே மாறும் என்பவர், இன்றிரவோடு சலுகை முடிகிறது என்பவர், முதல் நாளே வேலையை விடு என்பவர் எல்லோரையும் தாண்டிப் போய்விடு. மண்டபத்தில் நூறு பேரைக் கைதட்ட வைப்பதும் வேறு தொழில்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், ஆறு அல்லது எட்டு அமர்வு. உன் கேள்விக்கு அது போதும். நாலாவது அமர்வு முடிந்தும் அன்றாடத்தில் எதுவும் மாறவில்லை என்றால் அவரிடமே சொல்லிவிட்டு நிறுத்து. பி.ஜி. ரூமில் இன்னொருவன் இருக்கும்போது பேசாதே, பாதி விஷயத்தை விழுங்கிவிடுவாய். முடிந்ததும் அடுத்த மீட்டிங்கில் நுழையாமல் பத்து நிமிடம் நோட்டில் எழுது. எழுதாத முடிவு அன்று சாயங்காலமே மறந்துவிடும்.

காசு இடித்தால் உன் நண்பன் ஒருவனோடு முறை வைத்துக்கொள். ஆளுக்கு 25 நிமிடம், கேட்பவன் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான். கோச்சுக்கு ஈடாகாது என்றாலும் தொடங்க உதவும்.

முதல் பேச்சு முடிந்ததும் கூப்பிடு. உள்ளே என்ன பேசினாய் என்று சொல்ல வேண்டாம், அது உனக்கும் அவருக்கும் நடுவில். அவர் எவ்வளவு நேரம் பேசினார், நீ எவ்வளவு நேரம் பேசினாய் என்று மட்டும் சொல்லு. அவர் பேசியதுதான் அதிகம் என்றால் அடுத்த ஆளைப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா