"மூக்கு கோணலா அப்பா?"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: "அப்பா, என் மூக்கு கோணலா இருக்கா?" நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். காலையில் பசியாற உட்கார்ந்தால் கேட்பாள். மில்லில் எடை போட வரிசையில் நிற்கும்போது வாட்சாப்பில் படம் அனுப்பிக் கேட்பாள். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்பேன். அந்தப் பதில் கால் மணி நேரம் தாங்கும். அப்புறம், "நீங்க சும்மா சொல்றீங்க" என்று அழுகை. கண்ணாடியை விட்டு வராமல் பள்ளி பஸ்ஸை எத்தனையோ நாள் தவறவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி லாரிக்குள் ஒளித்து வைத்தேன். கரண்டியின் முதுகில் முகம் பார்த்தாள்.

அது என் அம்மாவின் மூக்கு. கித்தா (ரப்பர்) காட்டில் பால் வெட்டிய அவருக்கு, மூக்கு என்றால் மூக்குத்தி போடுகிற இடம், அவ்வளவுதான்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் காட்டினோம். மனநல மருத்துவரிடம் எழுதிக் கொடுத்தார்கள். "புள்ளைய தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்பப் போற?" என்று மாமியார் கொதித்தார். 1911-இல் திறந்த அந்த மனநல ஆஸ்பத்திரிக்கு இப்போது 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி என்று பெயர். சுங்கை சிப்புட்டில் எங்கள் வாய்க்கு அது இன்னும் வசைதான்.

இது பகட்டு இல்லை, 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்' என்ற நோய், இல்லாத குறை தன் உருவத்தில் இருப்பதாக மனம் நம்பி வதைபடும் என்றார் மருத்துவர். 1891-லேயே மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் எழுதி வைத்ததாம். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவர்களின் நோய்க்கு இது பங்காளி. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு உண்டு, ஆண்பிள்ளைகளுக்கும் வரும். பேச்சு சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. கடைசியாக ஒன்று சொன்னார், அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை: "நீங்கள் சொல்லும் ஆறுதல்தான் அதற்குத் தீனி."

இப்போது கேட்டால், "இது நோய் கேக்குற கேள்விம்மா, வா, கோழிக்குத் தீவனம் போடுவோம்" என்கிறேன். முதல் வாரம் நானே இரண்டு முறை தோற்றேன். அழுகிற பிள்ளையிடம் பதில் சொல்லாமல் நிற்பதைவிட மேட்டில் லோடு லாரியை நிறுத்திப் பிடிப்பது சுலபம். இப்போது நாளைக்கு நாலைந்து தடவைதான் கேட்கிறாள்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் வாராவாரம் முகப்பொலிவுக் குறிப்பு வருகிறது. ஒரு வாரம் அந்த இடத்தில் ஒரு மருத்துவரை இதைப் பற்றி எழுத வையுங்கள். கூடவே சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐயும் போடுங்கள்.

மகளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன். "ரொம்ப தடவை மூக்கு வருதுப்பா, கொஞ்சம் கொறைங்க" என்றாள்.

பெயர் வேண்டாம்,
ஒரு லாரி ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.