வீடியோ வந்துடுச்சு, பக்கத்துல உக்கார ஆள் வேணும்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் இருக்கற அண்ணாங்க, அக்காங்க, தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி சார்புல எழுதறேன், காசு கேக்கத்தான் எழுதறேன், சுத்தி வளைக்கல.

நம்ம ஏரியால பாலியேட்டிவ் கேர்ல இருக்கற 14 பேர் வீட்டுக்கு நாங்க போய்ட்டு வந்துட்டு இருக்கோம். பாலியேட்டிவ்னாலே "டாக்டர் கைய விரிச்சிட்டாரா"ன்னு கேக்கறாங்க. அப்டி இல்லபா, வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண் எல்லாம் கொறைச்சு இருக்கற நாள நல்லபடியா இருக்க வைக்கறதுதான் அது, மத்த வைத்தியம் ஓடிட்டு இருக்கறப்பவே சேர்த்து குடுக்கலாம், கேன்சருக்கு மட்டும்னும் இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயே வீட்டுக்கு வர்ற பாலியேட்டிவ் கேரும் பிசியோவும் (உடற்பயிற்சி வைத்தியம்) இருக்கு, அதுக்குப் போட்டியா நாங்க எதுவும் பண்ணல. பிசியோ நேர்ல ஒரு தடவ பாத்துட்டு மிச்சத்த வீடியோ கால்ல சொல்லி குடுக்கறாங்க, நல்லாவே சொல்லி குடுக்கறாங்க. பிரச்சன வீடியோ கால் முடிஞ்சதுக்கு அப்புறம்தான்.

ஒரு ஆயா, மார்புல கேன்சர், ஆபரேஷன் ஆச்சு, அப்புறம் நுரையீரலுக்கும் போயிடுச்சு. செவுத்துல விரல வெச்சு எறும்பு ஏறுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கைய மேல ஏத்தணும், இதான் பயிற்சி. வீடியோ இருக்கறது புள்ள ஃபோன்ல, அவரு காலைல ஹார்பருக்கு போனா ராத்திரிதான் வர்றாரு, வந்தா டேட்டா தீந்துருக்கு. பிசியோ கேட்டா ஆயா "பண்றேம்மா பண்றேம்மா"ன்னு சொல்லிட்டே இருந்துருக்கு, தோள் இறுகி ஜாக்கெட் போடவே ஒருத்தர் வேணும்னு ஆயிடுச்சு. சோம்பேறித்தனம்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. நம்ம அக்கா ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டே பேசினப்பதான் தெரிஞ்சது, கைய தூக்குனா தையல் பிரிஞ்சிடும்னு பயம், அதோட ஒரே ரூம்ல பேரப்பசங்க முன்னாடி மாரு இல்லாத பக்கம் கைய தூக்க வெக்கம். இத எந்த வீடியோவும் கேக்காது. இப்ப பசங்க ஸ்கூலுக்கு போனதும் கதவ சாத்திட்டு பண்ணுது, ஜாக்கெட்ட அதுவே போட்டுக்குது.

இன்னொருத்தரு ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எறங்கியே பல மாசம் ஆச்சு. படுத்தே கெடந்தா சதை கரையும், கால்ல ரத்தம் கட்டிக்கற ஆபத்தும் இருக்கு, அதனால பாதத்த மேலயும் கீழயும் ஆட்ட சொல்லிருந்தாங்க. பண்ணல. ஏன்னா வலி மாத்திர போடறதுக்கு முன்னாடி நேரமா பாத்து பயிற்சி வெச்சிருந்தாங்க, வலியோட யாரு பண்ணுவா? டாக்டர்கிட்ட கேட்டு, மாத்திர போட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுன்னு மாத்துனோம், ஒரேடியா பண்ணாம சீரியல்ல விளம்பரம் வரும்போதெல்லாம் பத்து தடவைன்னு பிரிச்சுக்கிட்டாரு. விளம்பரம் கொறைவாவா வருது?

ஒண்ணு சொல்லிடறேன், மெரட்டறதுக்கு ஆள் போடல. கேன்சர் எலும்புக்கு போனவங்க பிசியோ சொல்லாத எதையும் பண்ணக்கூடாது, திடீர்னு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, புதுசா வலி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நிறுத்திட்டு ஃபோன் பண்ணணும். சில பேருக்கு பயிற்சியே வேணாம், திருப்பி படுக்க வெச்சா போதும்ங்கற நாளும் வரும். அத பாத்து சொல்றதுக்கும் ஆள் வேணும்ல.

போன தடவ வசூல் பண்ணி வீடியோ பாக்க அஞ்சு டேப்லெட் வாங்குனோம், அது எங்க தப்பு, ஒத்துக்கறோம். ரெண்டுல பசங்க கேம் ஆடுதுங்க, ஒண்ணு சேட்டு கடைல இருக்கு. அதனால இந்த தடவ மெஷின் வேணாம், மனுஷங்கதான்.

நம்ம தெருவுலயே ரெண்டு அக்காங்க பிசியோகிட்ட கத்துக்கிட்டாங்க, ஆளுக்கு மாசம் 6,000. பெரிய படம் போட்டு தமிழ்ல அச்சடிச்ச தாளு (செவுத்துல ஒட்டி டிக் அடிக்க), ரீசார்ஜ், இதுக்கு 2,500, ஆட்டோவுக்கு 1,500. ஆக மாசம் 16,000, ஆறு மாசத்துக்கு 96,000. மீன் ஏலத்துல நிக்கறவங்க, சர்ச்சுல, பள்ளிவாசல்ல குடுத்தது எல்லாம் சேர்த்து கைல 31,000 இருக்கு, மிச்சம் 65,000 வேணும்.

50 ரூவான்னாலும் குடுங்க, ரசீது உண்டு. கமிட்டி ரூம் போர்டுல ஜிபே ஸ்கேனர் ஒட்டிருக்கு, சாயந்தரம் ஆறு மணிக்கு மேல நேர்லயும் வரலாம். கணக்கு மாசாமாசம் 5-ம் தேதி அதே போர்டுல இருக்கும். காசு இல்லாதவங்க ஓடற நெலமைல பழைய ஃபோன் இருந்தா குடுங்க, இல்ல வாரத்துல ஒரு மத்தியானம் குடுங்க, கூட உக்காந்து எண்ணிக்கை சொல்ல. யாரு வீடுன்னு மட்டும் கேக்காதீங்க, அவங்க சம்மதம் இல்லாம சொல்ல மாட்டோம், ஃபோட்டோவும் போட மாட்டோம்.