மீனாவுக்கு, கட்டிங் மெஷின் பற்றி

கும்மிடிப்பூண்டி

அன்பு மகள் மீனாவுக்கு,

ஸ்க்ராப், அதாவது பழைய இரும்பு, வெட்டும் ரோபோ வேலையில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் "கட்டர் பிடிக்கிறவருக்கு என்னப்பா தெரியும், அதை மெஷினுக்கு எப்படிச் சொல்லித் தருவது?" என்று நீ போனில் கேட்டபோது, யார்டில் லோடு இறங்கும் சத்தத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தீயில் இருந்து ஆரம்பிக்கிறேன். கேஸ் கட்டர் இரும்பை உருக்கி அறுப்பதில்லை. தீ ஒரு புள்ளியைச் சுமார் 900 டிகிரிக்குக் கொண்டுபோகும், அதன் வேலை அவ்வளவுதான். அப்புறம் லீவரை அழுத்தினால் ஆக்சிஜன் பாய்ந்து இரும்பே எரிய ஆரம்பிக்கும். எரிந்த கசடு இரும்பைவிடக் குறைந்த சூட்டில் உருகும், அதனால் ஆக்சிஜன் வேகத்திலேயே கீழே போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது நடக்காது. அதிலுள்ள குரோமியம் லேசில் உருகாத ஒரு படலத்தைப் போட்டுக்கொள்ளும். வார்ப்பிரும்பும் ஒழுங்காக வெட்டுப்படாது, அதைக் கிரேனில் குண்டைத் தூக்கிப் போட்டு உடைக்கிறோம். எது எந்த ரகம் என்று தெரியாமல் உன் மெஷின் தீயைப் பற்றவைத்தால் கேஸ்தான் வீண்.

லீவரை அழுத்தும் நேரம்தான் புதுப் பையன்களுக்குக் கைவர நாளாகும். சிவப்பு தாண்டி ஆரஞ்சு வந்து, மேல்பரப்பு லேசாகப் பளபளக்க வேண்டும். முந்தினால் பற்றாது. பிந்தினால் மேல் விளிம்பு உருகி வழிந்து வெட்டை மூடிவிடும். துருவும் பழைய பெயின்ட்டும் இருந்தால் நிறம் ஏமாற்றும். வெட்டு சரியாக ஓடும்போது துணி கிழிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும், பொறி நேராகக் கீழே கொட்டும். கையை வேகமாக இழுத்தால் பொறி பின்தங்கும், இன்னும் இழுத்தால் முகத்துக்கு நேராக மேலே பீய்ச்சும். கண்ணை மட்டும் நம்பாமல் காதையும் வைத்துத்தான் நாங்கள் வெட்டுகிறோம். உன் மெஷினுக்குக் கேமராவோடு ஒரு மைக்கும் வைத்துப் பாரேன்.

இதெல்லாம் மெஷின் கற்றுக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் என்ற பல்கலைக்கழகத்தில் ஆள் இரும்பின் மேல் கோடு போடுகிறார், ரோபோ அந்தக் கோட்டைத் தேடிப் பார்த்து வெட்டுகிறது என்று நீ சொன்னாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. புதுத் தகடு வெட்டும் சிஎன்சிக்கு, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினுக்கு, டிராயிங் உண்டு. நம்மிடம் வரும் பாய்லருக்கும் நசுங்கின லாரி சேஸிஸுக்கும் யார் டிராயிங் தருவார்கள்? கோடு போடுகிறவரை வேலையை விட்டு எடுக்காதே. கட்டரை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்.

ஏனென்றால் எதை வெட்டக்கூடாது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பாதிக்கு மேல். ஷாக் அப்சார்பர், ஹைட்ராலிக் சிலிண்டர், மூடி இறுகின டிரம், அடியில் கொஞ்சம் டீசல் தங்கிய டேங்க், இப்படி மூடிய எதன் மேலும் தீ வைக்கக் கூடாது. வெட்டாமல் அப்படியே பர்னஸுக்கு, இரும்பு உருக்கும் உலைக்கு, போனாலும் ஆபத்து. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும், உருகிய இரும்பு மொத்தமும் மேலே தெறிக்கும். இருட்டில் ஒரு குழாயைத் தட்டிப் பார்த்து "உள்ளே ஏதோ இருக்குண்ணே" என்று ஒதுக்கி வைக்கிற ஒடிசாப் பையன் ஒருவன் இங்கே இருக்கிறான். அவன் காதுக்கு உன் ஆய்வகத்தில் என்ன கருவி வைத்திருக்கிறீர்கள்?

தட்டிப் பார்த்தாலும் தெரியாத விஷயமும் உண்டு. 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் சும்மா கிடந்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் விலைபோய், அதே ஊர் மாயாபுரி ஸ்க்ராப் கடைகளுக்கு வந்தது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது கடைக்காரர் யாருக்கும் தெரியவில்லை. பிரித்தார்கள், கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மெஷின் வெட்டியிருந்தாலும் அதே கதைதான். அதனால் கதிர்வீச்சு மீட்டர் வாசலிலேயே, எடைமேடைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ரோபோவின் தலையில் இல்லை.

இன்னொன்று, வளைந்து கிடக்கும் பீமுக்குள் இழுவை இருக்கும். கடைசி விரல் அளவு மிச்சமிருக்கும்போது அது துள்ளும். நாங்கள் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துத்தான் நிற்கும் இடத்தையே தேர்ந்தெடுப்போம். ரோபோவின் கைக்குக் கால் இல்லை, ஓடவும் முடியாது. பீம் விழுந்து நசுங்கினால் அந்தக் கையின் விலை எத்தனை லட்சம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் முதல் மெஷினை எங்கள் மாதிரி கலவைக் குவியல் பக்கம் கொண்டுவராதே. குஜராத் கடற்கரையில் இருக்கும் அலங்குக்குக் கொண்டுபோ. 1983இலிருந்து அங்கே கப்பல் உடைக்கிறார்கள். கப்பலிலிருந்து பெரிய பாளமாக இறக்கி, கரையில் வைத்து மறுபடி சின்னதாக வெட்டுவார்கள். அந்த இரண்டாம் வெட்டு முக்கால்வாசி தட்டையான தகடு, கீழே தரை உண்டு, அளவும் திரும்பத் திரும்ப ஒன்றேதான். நல்ல தகட்டை உருக்காமலே சூடாக்கி ரோலிங் மில்லில் கம்பியாக உருட்டுகிறார்கள். அங்கே வெட்டு நேராக இருந்தால் காசு. எங்களுக்கு நேராக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் பர்னஸ் வாய்க்குள் போனால் போதும்.

ஆள்களின் பிழைப்பு என்னாகும் என்று நீ தயங்கிக் கேட்டாய். டன் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும், அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அந்தப் புகையை நீயும் பார்க்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வெட்டின அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பழைய பெயின்ட்டில் ஈயம். பால் குடி, வெல்லம் சாப்பிடு என்பார்கள். வெல்லம் இனிக்கும், அவ்வளவுதான். என் நெஞ்சு எப்படி இழுக்கிறது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். கோடு போடுகிற ஆளுக்குக் கட்டர் பிடித்தவனின் கூலியே கிடைக்குமானால், இங்கே மெஷின் வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கணக்கையும் உன் ரிப்போர்ட்டில் சேர்.

இந்த வாரம் வரும் லோடைக் கொட்டின உடனே போட்டோ எடுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு இன்னொரு போட்டோவும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒதுக்கி வைத்ததைத் தனியாக அனுப்புகிறேன், ஏன் ஒதுக்கினோம் என்றும் எழுதிவிடுகிறேன். எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லும்மா.

அன்புடன்,
அப்பா