லாபேக்கோடு ஒரு குறிப்பும் வையுங்கள்

பல்கலைக்கழகக் கணினி மையங்களில், பல கணினிகளை இணைத்த கிளஸ்டரைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிளஸ்டரில் ஃபோர்ட்ரான் நிரல் ஓட்டுகிறவர்களின் கோரிக்கை இது. அணிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் லாபேக், அதற்கு அடிப்படையான அணிக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ் ஆகிய லைப்ரரிகளை எந்தக் கம்பைலருக்கென்று (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) கட்டியது, அதில் இன்டிஜர் (முழு எண்) 4 பைட்டா 8 பைட்டா, உள்ளே எத்தனை திரெட் (இணையாக ஓடும் வேலை இழை) ஓடும் என்பதை, லைப்ரரியை ஏற்றும்போது நாங்கள் பார்க்கும் மாட்யூல் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். “எல்லாம்தான் நெட்டில் இருக்கிறதே” என்பீர்கள். சப்ரூட்டீன் என்ற துணைநிரல்களைப் பற்றி இருக்கிறது. நீங்கள் கட்டிவைத்த லைப்ரரியைப் பற்றி அங்கே யார் எழுதுவார்கள்?

லாபேக் வந்தது 1992-இல். இன்றும் அதை ஃபோர்ட்ரான் 77 பாணியில்தான் கூப்பிடுகிறோம். சப்ரூட்டீன் எந்த வகை மதிப்புகளை வாங்கும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் எழுதாவிட்டால் லைப்ரரி எதிர்பார்ப்பதோடு கம்பைலர் எதையும் ஒப்பிடாது. நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கருக்குப் பெயர் பொருந்தினால் போதும்.

ஒரு மாணவர் 2-க்கு 2 அணியைத் தீர்க்க லாபேக்கின் டிஜிஇஎஸ்வி (DGESV) சப்ரூட்டீனைக் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் இன்டிஜரை 8 பைட்டாக்கும் ஆப்ஷனைப் போட்டிருக்கிறார். லிங்க் ஆனதோ 4 பைட் லாபேக். விடை சரியாகவே வரும்! எக்ஸ்86 இயந்திரம் எண்ணின் கீழ்ப்பாதியை முதலில் வைப்பதால், அணியின் அளவு 2 என்றே படிக்கப்படுகிறது. வரிசைகள் இடம் மாறியிருந்தால், எந்த வரிசை எதோடு மாறியது என்று சொல்லும் பிவட் பட்டியலை அச்சிடும்போதுதான் குட்டு உடையும். 2, 2 என்று வரவேண்டிய இடத்தில் முதல் எண்ணே 8589934594. இரண்டு 4 பைட் எண்களும் ஒரே 8 பைட் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. வேலை சரியாக முடிந்தால் 0 என்று சொல்லவேண்டிய இன்ஃபோ இதைவிட மோசம்: கீழ்ப்பாதியில் மட்டும் 0 எழுதப்படும், மேல்பாதியில் பழைய குப்பை அப்படியே கிடக்கும். “இன்ஃபோ 0 இல்லை, அணி சிங்குலர் (தனித் தீர்வு இல்லாதது) போல” என்று அவர் குற்றமற்ற அணியைக் குடைந்துகொண்டிருப்பார். இதையே தலைகீழாக, நிரல் 4 பைட், லாபேக் 8 பைட் என்று செய்தால் நிரல் பெரும்பாலும் விழுந்துவிடும். விழுவதே மேல்.

இன்டெல்லின் கணித லைப்ரரித் தொகுப்பான எம்.கே.எல்-லில் ஜிஃபோர்ட்ரானுக்கென்று தனி லைப்ரரி உண்டு. இன்டெல் கம்பைலருக்கானதை இணைத்துவிட்டால், காம்ப்ளெக்ஸ் (கலப்பெண்) மதிப்பைத் திருப்பித் தரும் இசட்டாட்சி (ZDOTC) போன்ற ஃபங்ஷன்களில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழை வரும். டிஜிஇஎஸ்வி மட்டும் பயன்படுத்துகிறவருக்கு ஆயுசுக்கும் இது தெரியாது.

திரெட் கணக்கும் அப்படித்தான். 48 கோர் நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினியில்), ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி வேலை செய்யும் 48 எம்.பி.ஐ. புராசஸ் ஓட்டி, ஒவ்வொன்றிலும் பிளாஸின் வேகமான வடிவமான ஓப்பன்பிளாஸ் 48 திரெட் திறந்தால் மொத்தம் 2304. “உங்கள் ஜாப் நோடை முடக்குகிறது” என்று பிறகு எங்களுக்குத்தான் மின்னஞ்சல் வரும்.

இன்னொன்று: டெபியன் லினக்ஸில் பிளாஸ் என்று நிறுவினால் கிடைப்பது நெட்லிப் இணையக் களஞ்சியத்தின் மூல வடிவம். விடை சரியாக இருக்கும், வேகம் இருக்காது. ஓப்பன்பிளாஸுக்கு மாற்றியிருக்கிறீர்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பிவட்டையும் இன்ஃபோவையும் இசட்டாட்சியையும் சோதிக்கும் சின்ன நிரலை நாங்களே எழுதித் தருகிறோம். புது லைப்ரரி ஏற்றும்போதெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எந்த ஃபோல்டரில் போடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜாப் வரிசையில் காத்திருக்கும் ஒரு ஃபோர்ட்ரான்காரர்