அப்பாவைக் காப்பாத்தித் தந்த எல்லாருக்கும்

எலிக்காய்ச்சல் வந்து அப்பாவை ஐசியுவில வச்சிருந்தது உங்களில கனபேருக்குத் தெரியும். இப்ப வீட்டில இருக்கிறார், வாய்க்கால் தண்ணி வந்ததோ எண்டு கேட்டு அம்மாவை அரியண்டப்படுத்திற அளவுக்குத் தேறிட்டார். ஒவ்வொருத்தருக்காப் போன் எடுக்க ஏலாமல் கிடக்கு, அதான் இதில எழுதுறன்.

முதல் 1990 அம்புலன்ஸில வந்த தம்பிமாருக்கு. மழைக்கு இரணைமடுப் பக்கத்து உள்ரோட்டு எப்பிடிக் கிடக்கும் எண்டு தெரியும்தானே. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில கையோட ரத்தம் பாத்து, கிட்னி அடிபட்டிட்டுது எண்டு பிடிச்சு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பின டொக்டர்மாருக்கும்தான். அங்க டயாலிசிஸ், பிறகு மூச்சு எடுக்க ஏலாமல் மெஷின். சீனி வருத்தமே இல்லாத மனுசனுக்கு இன்சுலின் போட்டவை, உடம்பு இப்பிடித் தாக்குப்படேக்க அட்ரினலினும் கோர்ட்டிசோலும் கூடி சீனியை ஏத்திவிடுமாம்.

ஆனா முக்கியமா நன்றி சொல்ல வந்தது வேற ஒண்டுக்கு. மெஷின் கழட்டின பிறகு அப்பா எங்களை மட்டுக்கட்டேல்ல. மொனிட்டர் கத்தக் கத்த "கிபிர் வாறான், பிள்ளையளைப் பங்கருக்க இறக்கு" எண்டு சேலைன் வயரைப் பிடுங்கப் போறார். கிபிர் எண்டது சண்டைக்காலத்தில குண்டு போட்ட விமானம். 2009இல கடைசிச் சண்டையில மாத்தளனில பட்டதை ஒருநாளும் எங்களோட வாய்திறந்து கதைச்சதில்ல அவர், அண்டைக்கு எல்லாம் ஒண்டாக் கொட்டுப்பட்டுது. சொந்தத்தில சிலபேர் மூளை பிசகிட்டுது, கோயிலில நூல் கட்டுவம் எண்டு வெளிக்கிட்டினம், அம்மா வாசலிலயே குந்திட்டா.

அந்த நைட் டியூட்டி நேர்ஸ் மிஸ்ஸிதான் அம்மாவைக் கதிரையில இருத்தி விளங்கப்படுத்தினவா. இது விசர் இல்ல அம்மா, டெலிரியம், கிருமியும் ரத்தத்தில தேங்கின கழிவும் மயக்க மருந்தும் நித்திரையில்லாததும் பகலோ இரவோ தெரியாத லைட்டும் சேந்து மூளையைக் குழப்பிறது, மெஷினில இருக்கிறாக்களில கனபேருக்கு வரும், வருத்தம் குறையக் குறைய இதுவும் குறையும் எண்டா. சிலர் கத்தமாட்டினமாம், பேசாமல் சுருண்டு கிடப்பினமாம், அதுவும் இதுதானாம், அதை ஆக்கள் கவனிக்கிறதில்ல எண்டு கவலைப்பட்டவா.

அவா அப்பான்ர கையைக் கட்டேல்ல. வீட்டில இருந்து கண்ணாடியை எடுப்பிச்சுப் போட்டுவிட்டா. வரேக்க எல்லாம் சலிக்காமல், "ஐயா, இது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, சண்டை முடிஞ்சு கனகாலம், உங்கட பிள்ளையள் வளந்து வெளியில நிக்கினம்" எண்டு காதுக்குக் கிட்டக் குனிஞ்சு சொல்லுவா. இரவில லைட்டைக் குறைப்பா. நேரம் முடிஞ்சும் அம்மாவைப் பக்கத்தில விட்டவா, அம்மா கையைப் பிடிச்சால்தான் அவர் அடங்குவார். மருந்து உயிரைக் காத்தது உண்மை, ஆனா அப்பான்ர பயத்தையும் ஒரு வருத்தமா எண்ணிப் பாத்தது அவாதான். நேர பாத்து "நன்றி மிஸ்ஸி" எண்டு சொல்லப் போய் அழுதுதான் வந்தன். பிறகு கட்டில் விளிம்பில இருத்தி, பிடிச்சு நடக்க வச்ச பிசியோ தம்பிக்கும் பெரிய நன்றி.

வீட்டை வந்தும் இரவில திடுக்கிட்டு எழும்புறார், அம்மாவுக்கும் நித்திரை இல்ல. ஐசியு விட்டு வந்தாக்களுக்கும் கூட நிண்ட குடும்பத்துக்கும் இது மாசக்கணக்கில இருக்கலாமாம், மனநலப் பிரிவு டொக்டர் ரெண்டு பேரையும் சேத்துத்தான் பாக்கிறார். ஆரும் இப்பிடிக் கஷ்டப்பட்டா மனநல உதவி நம்பர் 1926க்கு எடுத்துக் கதையுங்கோ.

ரத்தம் குடுத்த பொடியள், உங்கட பேர்கூடத் தெரியாது. எங்கட வயலுக்குப் பசளை எறிஞ்சு, மாட்டுக்கு வைக்கல் போட்ட பக்கத்துக் காணி அண்ணையாக்கள், நீங்களும் அதே சேத்துக்கதான் நிக்கிறியள், அடுத்த விதைப்புக்கு முன்னம் சுகாதாரப் பரிசோதகர் பிஎச்ஐ ஐயாவிட்டப் போய் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை வாங்கிப் போடுங்கோ, நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்.